அப்பாவின் வாட்சுக்குப் பொட்டு

வாட்ச் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"இன்னாமா இது, உள்ள கோயில் எதுனா நடத்துறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. இடுக்கியின் நுனியில் எதையோ சுரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டினார். செம்மண்ணை நீரில் குழைத்துக் காயவிட்ட மாதிரி ஒரு துணுக்கு. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்துவிட்டார்.

"குங்குமம். சந்தனமும் கலந்து கீது. நான் வாட்சுக்குள்ள எறும்பு பாத்துகிறேன், அரிசி மாவு பாத்துகிறேன். இத பாத்ததில்ல."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கடை அது. பக்கத்துக் கடையில் போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம். யார் வேலை இது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அது என் அப்பாவின் வாட்ச். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் பழைய ரகம். வெள்ளை டயல், மெலிந்த முட்கள், எண்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கோடுகள். அம்மாவின் அப்பா, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு சேர்த்துப் போட்டது. மோதிரம் ஏதோ ஒரு கஷ்டத்தில் கைமாறிப் போய்விட்டது. வாட்ச் மட்டும் கடைசிவரை அவர் கையில் இருந்தது. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். தண்டலத்தில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. கண்ணெதிரே பஸ்ஸில் டிஜிட்டல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் மணிக்கட்டைத் திருப்பித்தான் மணி பார்ப்பார்.

அவர் போனபிறகு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டான். நான் வாட்சைக் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் உடனே சரி என்றாள். "உனக்குத்தான்டி. வருசத் திதி முடியட்டும். அது வரிக்கும் என் கண்ணு முன்னாடி கெடக்கட்டும்" என்றாள். அதில் என்ன தப்பு? வடக்குப்பட்டு வீட்டில் அண்ணனோடு இருக்கிறாள். அப்பா இல்லாத வீட்டில் அவர் பொருள் ஒன்றாவது டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டு வந்தேன்.

திதி முடிந்து எடுக்கப் போனால் வாட்ச் நின்றிருந்தது. "கொஞ்ச நாளா ஓடலடி. தூங்குதோ இன்னாவோ" என்றாள். சாமி அலமாரியில் ஒரு பட்டுத் துண்டின் மேல் படுக்கவைத்திருந்தாள். கண்ணாடியின் மேல், பன்னிரண்டு மணி இருக்க வேண்டிய இடத்தில், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அன்றைக்கு விசேஷ நாள், அதனால் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் தாளில் தட்டிக் காட்டியபோதுதான் அது ஒருநாள் சமாச்சாரம் இல்லை என்று உறைத்தது.

நேராக வடக்குப்பட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. காலையில் குளித்துவிட்டு வருவாளாம். வாட்சை ஈரத்துணியால் நன்றாகத் துடைப்பாளாம். சாவி கொடுப்பாளாம். அப்புறம் பொட்டு.

"ஈரத்துணியா? ஏம்மா, அது பழைய வாட்ச்சும்மா. தண்ணி உள்ள எறங்கும்."

"குளிப்பாட்டாத எப்டிடி பொட்டு வெக்கிறது?"

இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமானால் சொல்லட்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெயிண்ட் அறைக்குள் தூசி போகக் கூடாது. பொடியாக ஏதாவது ஒன்று பறந்து ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் குழி விழும், பம்பர் திரும்பி வரும். அதனால் உள்ளே போகிறவர்கள் முகத்தில் பவுடர் கூடாது, விபூதி கூடாது, குங்குமம் கூடாது. ஸ்டிக்கர் பொட்டு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் கையில் இருக்கக் கூடாது, பெயிண்டில் கீறிவிடும். தாலியை ஓவர்கோட்டுக்குள் ஊக்கு குத்தி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டில் கதவருகே டிஷ்யூப் பேப்பரோடு நிற்பது என் பாடு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு பெண், நெற்றியைப் பொத்திக்கொண்டு நிற்பாள். "யக்கா, எங்கூரு கோயில் திருநீறுக்கா. அம்மை கொடுத்துவிட்டதுக்கா. இதப் போயி எப்படித் துடைக்கது?" என்பாள். துடைக்கத்தான் வேண்டும் என்பேன். துடைப்பாள். அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேச மாட்டாள்.

இப்படி ஊரார் பிள்ளைகளின் நெற்றியை எல்லாம் துடைக்கவைத்துக்கொண்டு நான் நிற்க, என் வீட்டு வாட்சின் வயிற்றுக்குள் குங்குமம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

கடைக்காரர் ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கழுவி, துரு சுரண்டி, எண்ணெய் விட்டு ஓடவைத்துக் கொடுத்தார். கையில் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன். அப்பா தூங்கும்போது வாட்சைக் கழற்றித் தலைமாட்டில் வைப்பார். சின்ன வயதில் பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். அதே சத்தம் துளியும் மாறாமல் இருந்தது.

அதோடு நான் வாட்சை மறைமலை நகருக்கு, என் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். போகிற வழியில் அம்மாவிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று இறங்கியதுதான் வினை. அவளும் காதில் வைத்துக் கேட்டாள். முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள். "இன்னும் கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டுமேடி, வெறும் அலமாரிய பாக்க முடியல" என்றாள். எப்படியும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக முடியாது. என் வீட்டிலும் பீரோவில்தானே கிடக்கப்போகிறது? ஈரத்துணி கூடாது, சந்தனம் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவளும் தலையை ஆட்டினாள்.

வாக்கைக் காப்பாற்றினாள். துடைக்கவில்லை. சந்தனம் வைக்கவில்லை. குங்குமத்தை மட்டும் தூளாக வைத்திருக்கிறாள்! சந்தனம் இல்லாமல் கண்ணாடியில் அது ஒட்டுமா? தினமும் சரிந்து சரிந்து, சாவியைத் திருகும் குமிழின் இடுக்கில் போய் இறங்கியிருக்கிறது. மறுபடியும் வாட்ச் நின்றது.

"தண்ணி ஊத்தலியேடி. தூளுதான."

இந்தத் தடவை கடைக்காரர் கிண்டல் செய்யவில்லை. வேலை முடிந்து வாட்சைக் கொடுக்கும்போது அதை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார். "இதான்மா கடைசி. உள்ள முடி மாரி ஒரு ஸ்பிரிங் கீது, துரு தொட்டாச்சி. இன்னொரு வாட்டி தூசியோ தண்ணியோ பூந்துச்சின்னா அது போயிடும். இதுக்கு ஸ்பேர் எங்கயும் வர்றதில்ல. அப்புறம் என்னாண்ட கொண்டாராதீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது." இன்னொரு தடவை என்றால் அவ்வளவுதான், அப்பாவின் வாட்ச் வெறும் தகரம். அம்மா கேட்டாள் என்று வாட்சை மறுபடி பட்டுத் துண்டில் வைத்துவிட்டு, கடைக்காரர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "மேலால ஒரு சொட்டு, அது கூடவா உள்ள போயிடும்?" என்றாள்.

அம்மா ஏன் இதை விடமாட்டேன் என்கிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா போனதிலிருந்து அவள் பொட்டு வைத்துக்கொள்வதில்லை. வைக்காதே என்று யாரும் அவள் எதிரில் சொல்லவில்லை. அவளாகவே விட்டுவிட்டாள். ஸ்டிக்கர் பொட்டாவது வைத்துக்கொள் என்று நான் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக் கொடுத்தேன். "ஊரு இன்னா சொல்லும்" என்று அத்தனையையும் அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து காலையில் குளித்தவுடன் குங்குமச் சிமிழுக்குப் போய்ப் பழகிய விரல் அது. அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். போகட்டும். சுவரில் அப்பாவின் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறதே, அதற்கு வைத்தால் என்ன? நானே கேட்டேன்.

"அதுக்கும்தான் வெக்கிறேன். ஆனா போட்டோ சும்மா தொங்கிகினு கீது. இது ஓடுது" என்றாள்.

எனக்குப் புரிந்தது. ஆனால் புரிவதால் மட்டும் ஸ்பிரிங்கில் ஏறிய துரு இறங்கிவிடுமா?

கம்பெனியில் பயிற்சி வகுப்பில் ஒரு பாடம் நடத்துவார்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தால் ஆளைத் திட்டாதே, அந்தத் தவறைச் செய்யவே முடியாதபடி ஏற்பாட்டை மாற்று என்பார்கள். உற்பத்தி லைனில் இதை வைத்து நான் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். தப்பான பக்கம் திருப்பினால் பம்பர் உள்ளேயே நுழையாத தாங்கி, எடுக்க மறந்தால் கத்தும் மணி எல்லாம் நான் சொல்லிச் செய்தவை. வீட்டுக்கும் அதுபோல ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. கடைக்காரரிடம் போய், அப்பாவின் வாட்ச் மாதிரியே இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்காமல் போன வாட்சுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். துழாவித் துழாவி ஒன்றை எடுத்தார். அதே வெள்ளை டயல், அதே கோடுகள். அக்கா தங்கை மாதிரி இருந்தது.

"இது ஓடாதும்மா" என்றார்.

"ஓட வேணாம்ணா. பொட்டு வெக்கிறதுக்குத்தான்."

இப்போது சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எவ்வளவு சந்தோஷமாக வடக்குப்பட்டுக்குப் போனேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பாக வருகிறது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பட்டுத் துண்டிலிருந்து அப்பாவின் வாட்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக வந்ததை வைத்தேன். "இந்தாம்மா. இதுக்கு நீ சந்தனம் வை, குங்குமம் வை, பால்ல குளிப்பாட்டு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா அதைத் தொடாமல், குனிந்து பார்த்தாள்.

"யாருது இது?"

"யாருதோ. கடையில இருந்துச்சு, வாங்கிட்டு வந்தேன். பாக்க அப்பாது மாதிரியே இருக்குல்ல?"

விரல் நுனியால் வாரை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அது பழைய தோல் வார். ஊசி மாட்டும் ஓட்டைகளில் கடைசி ஓட்டை மட்டும் நீண்டு கிழிந்திருந்தது. "நல்ல தடிச்ச கையி" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத கட்டிகினு இருந்தவன் உசுரோட கீறானா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"அவன் பொண்டாட்டி கீறாளா?"

"அம்மா!"

"எவனோ இன்னாவோ. எவளோ ஒருத்தியோட புருசன் கையில கெடந்தது. அதுக்கு நான் காலங்காத்தால எழுந்து, தலைக்கு ஊத்திகினு, பொட்டு வெக்கணும். நல்லா கீதுடி உன் ஞாயம்."

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"ஒரு பொருளுக்குப் பொட்டு வெக்கிறதுல என்னம்மா புருசன் பொண்டாட்டி? அரிசி மூட்டைக்கு வெக்கல? கேஸ் அடுப்புக்கு வெக்கல?"

"அதெல்லாம் பொருளு" என்றாள்.

அந்த வாட்சை ஒரு காகிதத்தில் பொதிந்து என் பையில் திணித்தாள். சாமி அலமாரியில் அது கிடந்த இடத்தை ஒருமுறை துடைத்தாள். என்னவோ நான் வேறொரு ஆம்பிளையைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்ட மாதிரி! நான் அப்பாவின் வாட்சையும் எடுத்து அதே பைக்குள் போட்டுக்கொண்டேன். இனிமேல் இது என்னோடு இருக்கட்டும் என்றேன்.

"எங்கப்பன் போட்டதுடி அது."

"அவர் போட்டாரு. நீ கொன்னுடுவ."

சொன்னபிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. அம்மா அண்ணனின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

மறைமலை நகரில் வாட்ச் ராஜமரியாதையோடு இருந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன். பஞ்சு வைத்த டப்பாவில் வைத்தேன். போனுக்குப் பக்கத்திலும் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது, காந்தம் ஏறும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் பீரோவில் தனித் தட்டு ஒதுக்கினேன். காலையில் மெதுவாகச் சாவி கொடுப்பேன். குமிழ் இறுகுகிறது என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். மணி பிசகாமல் ஓடியது. எல்லாம் சரி. ஆனால் கட்டிக்கொண்டு எங்கே போவது? வேலைக்கு முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆசையாகக் கட்டுவேன். உடனே துணி துவைக்க வேண்டியிருக்கும், கழற்றுவேன். மாவரைக்க வேண்டியிருக்கும், கழற்றுவேன். சாயந்திரம் மறுபடி டப்பாவுக்குள் போகும்.

"இத கட்டிட்டு எங்கதான் போவ நீ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கிண்டல்தான், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஷிஃப்ட் மாறும் வாரங்களில் சாவி கொடுக்கும் நேரமும் குழம்பும். அவரிடம் பொறுப்பை விட்டால் மறந்துவிடுவார். நின்றுபோயிருக்கும் முட்களைப் பார்த்ததும் எனக்கு வரும் ஆத்திரத்தில் அவரை ஒருநாள் பேசக் கூடாததெல்லாம் பேசிவிட்டேன். மனுஷர் மறுநாள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து நீட்டினார். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அதற்கும் ஒரு சண்டை.

இதற்கு நடுவில் அம்மாவின் போன். தினமும் காலையில், நான் லைனில் நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது.

"சாவி குடுத்தியா?"

"குடுத்தேம்மா."

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"சரி வெச்சிடு."

கொஞ்ச நாள் பொறுத்தேன். ஒருநாள் லைன் நின்றுபோயிருந்தது. பம்பர் பம்பராகக் குழி விழுந்து திரும்பிக்கொண்டிருந்தது. மேலிருந்து திட்டு வந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. "ஏம்மா, லைன்ல இருக்கும்போது போன் பண்ணாதன்னு எத்தனை தடவ சொல்றது? நான் குடுக்கறேன், குடுக்காம இருக்கேன், அது என் வேலை. உனக்கென்ன அதப் பத்தி?" என்று கத்திவிட்டு வைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அண்ணன் வேறு ஏதோ விஷயமாகக் கூப்பிட்டவன், பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "அம்மா காலைல குளிச்சிட்டு வந்து அலமாரியாண்ட சும்மா நின்னுகினு கீது. கொஞ்ச நேரம் நிக்கிது. அப்புறம் போய் காபி போடுது."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்ங்கற?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல தாயி" என்று வைத்துவிட்டான்.

அவன் மேலும் கோபம், அம்மா மேலும் கோபம், ஊர் பேர் தெரியாமல் ஒரு ஸ்பிரிங்கைச் செய்துவைத்துவிட்டு அதற்கு ஸ்பேர் வைக்காமல் போனவன் மேலும் கோபம். வாட்சைக் காப்பாற்றியாகிவிட்டது. காப்பாற்றிய சந்தோஷம்தான் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அன்றைக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பெயிண்ட் அறை ஒன்றைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சந்தனமும் குங்குமமும். பெரிய அதிகாரியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரோபோவின் அடிப்பாகத்தில் மூன்று பட்டை போட்டார். தென்காசிப் பெண் நெற்றி நிறைய திருநீறோடு என் முன்னால் இரண்டு தடவை வேண்டுமென்றே நடந்தாள். கண்ட்ரோல் பேனலுக்கு நான்தான் பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு, பொரி பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வாட்சை எடுத்துக்கொண்டு வடக்குப்பட்டுக்குக் கிளம்பினேன். எதற்காக என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அப்பா வேலைக்குக் கட்டிக்கொண்டு போனது, இன்றைக்கு அது படையலில் இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அண்ணன் பைக்கைக் கழுவி மாலை போட்டிருந்தான். கூடத்தில் பலகை போட்டு அரிவாள்மனை, தையல் மிஷினின் கத்தரிக்கோல், அவனுடைய லேப்டாப், ஸ்பானர் பெட்டி எல்லாம் அடுக்கியிருந்தார்கள். நான் டப்பாவைத் திறந்து வாட்சை எடுத்து நடுவில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். அரிவாள்மனைக்கு வைத்தாள். கத்தரிக்கோலுக்கு வைத்தாள். லேப்டாப்பின் மூடியில் அண்ணன் முகம் சுளிக்கச் சுளிக்கப் பெரிதாக ஒன்று வைத்தாள். அடுத்தது வாட்ச். விரல் அதன் மேல் வந்து அந்தரத்தில் நின்றது.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வெக்கட்டுமா?"

அம்மா என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நான் அவளிடம் அடி வாங்கியவள், திட்டு வாங்கியவள், இப்போதும் வாங்குகிறவள். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்பாவிடம் அவள் அந்தக் குரலில்தான் கேட்பாள். தங்கச்சி வூடு வரிக்கும் ஒரு நடை போய்ட்டு வரட்டுமா? புள்ளைங்களுக்குத் துணி எடுக்கட்டுமா? கேட்டுவிட்டு இப்படித்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அது இறுகுகிறதா இளகுகிறதா என்று. அப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். அவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்கு அப்படி ஆத்திரம் வரும். இப்போது அவள் நிற்கிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. பதில் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தது நான்.

"கேக்காம வெய்யேம்மா" என்றேன்.

அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. அம்மாவின் விரல் ஒருமுறை பின்வாங்கிவிட்டு, அப்புறம்தான் கண்ணாடியைத் தொட்டது.